ஜொகூர் நீரிணைக் கரைகளில் சுண்ணாம்புச் சாந்தும் தமிழர் கைவினையும்

முன்னுரை

ஒரு நாட்டின் வரலாற்றை அறிய ஏடுகளும் கல்வெட்டுகளும் துணைநிற்பது போன்றே பழஞ்சுவர்களும் துணைநிற்கின்றன. சுவரிலுள்ள கல்லைக் காட்டிலும் கற்களின் இடுக்குகளை நிரப்பியுள்ள சாந்து பல செய்திகளைத் தாங்கியுள்ளது எனலாம். நீற்றப்பட்டது கிளிஞ்சலா சுண்ணாம்புக் கல்லா, கலக்கப்பட்டது ஆற்று மணலா கடல் மணலா என்பனவற்றை அது காட்டும். ஜொகூர் நீரிணையின் இரு கரைகளிலும் 19ஆம் நூற்றாண்டில் எழுந்த கட்டடங்களின் பின்னணியில் இச்சாந்தின் வரலாற்றையும், அதனைப் புதுப்பிக்கும் முறையையும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

கைதிகளும் கட்டடங்களும்

1819இல் ராஃபிள்ஸுடன் பினாங்கிலிருந்து சிங்கப்பூர் சென்ற நாராயண பிள்ளை அங்குச் செங்கற்சூளை அமைத்துக் கட்டுமானத் தொழிலில் ஈடுபட்டார். 1827இல் மாரியம்மன் கோயிலைத் தோற்றுவித்தவரும் அவரே. 1824ஆம் ஆண்டின் ஆங்கிலேய-டச்சு ஒப்பந்தப்படி பெங்கூலன் டச்சுக்காரர் வசமானது. அங்கிருந்த இந்தியக் கைதிகள் 1825இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். சென்னை மாகாணத்தைச் சேர்ந்தோரும் அவர்களுள் இருந்தனர். 1873இல் கைதிகள் முறை முடிவுறும்வரை சாலைகளையும் பாலங்களையும் பொதுக் கட்டடங்களையும் இவர்களின் உழைப்பே உருவாக்கியது.

1856இல் அடிக்கல் நாட்டப்பட்ட புனித அந்திரேயா தேவாலயம் இவ்வுழைப்பின் சிறந்த சான்றாகும். கைதிகளை மேற்பார்வையிட்ட மெக்நேர் 1899இல் வெளியிட்ட நூலில் அதன் பூச்சு முறை பதிவாகியுள்ளது. மணல் கலவாத கிளிஞ்சல் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவும் வெல்லமும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய நீரால் குழைத்துப் பூசினர். காய்ந்தபின் பளிங்குக் கல்லால் தேய்த்து மெருகேற்றினர். ஆங்கிலேயர் இதனை ‘மெட்ராஸ் சுனாம்’ என்றே வழங்கினர். செட்டிநாட்டு வீடுகளின் வெண்ணிறச் சுவர்களை அறிந்தோர்க்கு இம்முறை புதிதன்று.

நீரிணையின் வடகரையில் தெமெங்கோங் இப்ராகிம் 1855இல் தஞ்சோங் புத்ரியை நிறுவினார். அதுவே பின்னர் ஜொகூர் பாரு ஆயிற்று. அங்கு 1866இல் எழுந்த இஸ்தானா பெசார் அரண்மனையைக் கட்டியவர் வோங் ஆ ஃபூக் எனும் சீன ஒப்பந்தக்காரர். எனவே இக்கரையிலுள்ள பழஞ்சுவர்கள் அனைத்தையும் தமிழர்க்கு உரியனவாகக் கூறுதல் வரலாறாகாது. தமிழர், சீனர், மலாய்க்காரர் ஆகியோரின் கைவினைகள் ஒரே நீரிணையில் சந்தித்தன என்பதே பொருந்தும்.

சுண்ணாம்பின் இயல்பு

கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் கரியமில வாயு நீங்கிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். நீரூற்றி நீற்றினால் அது குழம்பாகும். சுவரில் இட்டபின் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாகும். இச்சாந்து கல்லைவிட மென்மையானது, ஈரத்தை வெளிவிடக்கூடியது. சுவரில் ஏறும் நீரும் உப்பும் சாந்தின் வழியே வெளியேறுவதால் சாந்து தேய்ந்து கல் காக்கப்படுகிறது.

1824இல் காப்புரிமை பெற்ற போர்ட்லாந்து சிமெண்டின் இயல்பு வேறு. பழஞ்சுவரின் இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தால் ஈரம் கல்லின் வழியே வெளியேற நேரிடும். அப்போது உப்பு கல்லுக்குள்ளேயே படிகமாகி அதன் முகத்தைப் பொரித்துவிடும். மழையும் ஈரக்காற்றும் மிகுந்த ஜொகூரில் இக்கேடு விரைந்து வெளிப்படும்.

புதுப்பிக்கும் முறை

சிதைந்த பழஞ்சாந்தை இடுக்கின் அகலத்தைப்போல் இருமடங்கு ஆழம்வரை உளியும் சுத்தியும் கொண்டு கையால் அகற்றுதல் வேண்டும். சுழலும் வெட்டுப்பொறி கல்லின் விளிம்பைச் சிதைத்துவிடும். பின் இடுக்கைத் தூய்மைசெய்து நீர் தெளித்து, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்னும் அளவை ஒட்டிக் கலந்த சாந்தைக் கரணையால் அழுத்தித் திணிப்பர். ஈரச் சாக்கால் மூடி, வெயிலும் மழையும் நேரே படாமல் பல நாள்கள் காத்தல் இன்றியமையாதது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தை இப்பணிக்குத் தவிர்ப்பது நலம்.

முடிவுரை

ஆளுநர், பொறியாளர், ஒப்பந்தக்காரர் ஆகியோரின் பெயர்களை ஆவணங்கள் தருகின்றன. சாந்தரைத்த கைதிகளின் பெயர்களோ கட்டடங்களின் வரலாற்றில் இடம்பெறவில்லை. அவர்தம் கைவினைக்கு எஞ்சியிருக்கும் சான்று சுவர்களே. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் மலேசியாவின் பழங்கட்டடங்களுக்குப் பாதுகாப்பளிக்க வழிவகுத்தது. ஆயினும் பட்டியலில் இடம்பெறாத வீடுகளும் கடைவீடுகளும் பலவாகும். அவற்றைப் புதுப்பிப்போர் பழஞ்சாந்தில் ஒரு கைப்பிடியையேனும் எடுத்துப் பாதுகாத்து, ஆய்வுக்கு வழங்கிய பின்னரே புதுச்சாந்து இடுதல் வேண்டும். அங்ஙனம் செய்யாது சிமெண்டு பூசப்படும் ஒவ்வொரு சுவரும், படிக்கப்படாமலே அழிக்கப்பட்ட ஓர் ஆவணமாகும்.