ஏழு ஆசனங்களின் அரசியல்

அரசாங்கமும் ஆராய்ந்து புதிதாகச் சமைக்கத்தக்க ஒரு யந்திரமே என்னும் துணிவு, 1971ஆம் ஆண்டில் தென்னமெரிக்கச் சிலி தேசத்தில் செயலுருப் பெற்றது. ஜனாதிபதி சால்வடோர் அயெந்தே ஆலைகள் பலவற்றைத் தேசவுடைமையாக்கியபோது, அவற்றை நிர்வகிக்கும் மார்க்கத்தை நாடிய இளம் அதிகாரி பெர்னாண்டோ புளோரஸ், ஆங்கிலேய நிர்வாக நிபுணர் ஸ்டாஃபோர்டு பீரை வரவழைத்தார்.

ஆலைகளின் விவரங்கள் டெலக்ஸ் வழியே தலைநகர் சாண்டியாகோவின் கம்ப்யூட்டரை அடையும். குறை தோன்றினால் முதலில் அந்த ஆலைக்கே அறிவிப்புப் போகும். உரிய காலத்தில் அது தீராவிடில்தான் விஷயம் மேலிடத்துக்கு ஏறும். அறுகோண மண்டபமொன்றில், கைப்பிடியில் பொத்தான்கள் பதித்த ஏழு சுழல் ஆசனங்களில் அமர்ந்தோர், சுவர்த்திரையின் படங்களைக் கண்டு தீர்மானிப்பர்: இதுவே ‘சைபர்சின்’ திட்டம். காகிதம் குவியலாகாது என்பதற்காகவே அங்கே மேஜை போடவில்லை.

1972 அக்டோபரில் லாரி உரிமையாளர்களின் வேலைநிறுத்தம் போக்குவரத்தை முடக்கியபோது, எந்த ஊரில் எப்பொருள் இல்லை, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்பதை டெலக்ஸ் தெரிவிக்க, ஓடிய சில லாரிகளைக் கொண்டே அரசு நிலைமையைச் சமாளித்தது. எனினும் 1973 செப்டம்பர் 11இல் இராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. திட்டமும் அத்துடன் முடிந்தது.

தொழிலாளருக்குச் சுயாதீனம் தருவதே பீரின் நோக்கம். ஆயினும் அதே கருவி மத்திய அதிகாரத்தின் கண்காணிப்புக்கும் உதவுமே என்ற ஆட்சேபம் அக்காலத்திலேயே பிரிட்டிஷ் பத்திரிகைகளில் எழுந்தது. அவ்வாட்சேபத்துக்கு விடை காண அத்திட்டத்துக்கு ஆயுள் போதவில்லை.