கச்சேரிக்கு டிக்கெட் எடுத்தாச்சா? கேட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி இதை படிங்க!

சென்னை:

ஒரு காலத்தில் பாட்டுக் கச்சேரி என்றால் கோவில் திருவிழா. மேடை போட்டு, டியூப் லைட் கட்டி, ராத்திரி முழுக்க பாடுவார்கள். தெருவே உட்கார்ந்து கேட்கும். காசு கிடையாது.

இப்போது கதையே வேற. இசையமைப்பாளர்கள் நேரடியாக மைதானத்துக்கு வருகிறார்கள். 2019 பிப்ரவரி 2, 3 தேதிகளில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடந்த இளையராஜா 75 விழாவில் ஏ.ஆர்.ரகுமானும் மேடை ஏறினார். 2024 பிப்ரவரி 10-ல் நேரு ஸ்டேடியத்தில் சந்தோஷ் நாராயணன். அதே ஆண்டு ஜூலை 27-ல் நந்தனத்தில் யுவன். 2025 ஆகஸ்டு 23-ல் கூவத்தூரில் அனிருத். போய் வந்தவர்கள் செல்போனில் எடுத்த வீடியோவை அக்கம் பக்கத்தில் காட்டி மகிழ, பார்த்தவர்கள் அடுத்த கச்சேரி எப்போ என்று விசாரிக்கிறார்கள்.

ஆனால் எல்லோருக்கும் அந்த சந்தோஷம் கிடைப்பதில்லை. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து டிக்கெட் வாங்கி, கேட் வரைக்கும் போய், பாட்டு கேட்காமல் திரும்பியவர்களும் இதே ஊரில் தான் இருக்கிறார்கள்.

பனையூரில் நடந்தது என்ன?

2023 செப்டம்பர் 10. ஞாயிற்றுக்கிழமை. கிழக்கு கடற்கரை சாலை பனையூரில் ஏ.ஆர்.ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி. ஆகஸ்டு 12-ந்தேதி நடக்க வேண்டியது மழையால் தள்ளிப் போய், பழைய டிக்கெட்டே செல்லும் என்று அறிவித்து நடத்தப்பட்டது.

அன்று மாலை சாலையே திக்குமுக்காடியது. வாகனங்கள் நகரவில்லை. முதல்-அமைச்சரின் வாகனமே நெரிசலில் சிக்கியது. கார், பைக்கை வழியிலேயே விட்டுவிட்டு குழந்தைகளோடு நடந்தே போனார்கள் பலர். அரங்குக்கு போனால் உள்ளே இடம் இல்லை. அதிக விலை டிக்கெட் வைத்திருந்தவர்களும் வெளியே நிறுத்தப்பட்டனர். அனுமதித்த எண்ணிக்கையை விட கூடுதலாக டிக்கெட் விற்று விட்டார்கள் என்று புகார் கிளம்பியது. தள்ளுமுள்ளுவில் பெண்கள் சீண்டலுக்கு ஆளானதாக கண்ணீரோடு சொன்னார்கள். அன்று ராத்திரியே ரசிகர்கள் இண்டர்நெட்டில் கொட்டித் தீர்த்து விட்டனர்.

மறுநாள் ரகுமான் வருத்தம் தெரிவித்தார். உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட் நகலை மெயிலில் அனுப்புங்கள் என்றார். அமைப்பாளர்களும் பொறுப்பு ஏற்றார்கள். பணம் திருப்பி தரப்பட்டது. போலீசார் வழக்குப்பதிவு செய்தனர். போலீஸ் அதிகாரிகள் 2 பேர் காத்திருப்போர் பட்டியலுக்கு மாற்றப்பட்டனர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. பணத்தை திரும்ப கேட்க டிக்கெட் நகல் தான் ஆதாரம். ஆத்திரத்தில் கிழித்துப் போட்டிருந்தால், போனில் இருந்து அழித்திருந்தால் எதைக் காட்டி கேட்பது? டிக்கெட், பணம் கட்டிய எஸ்.எம்.எஸ்., கேட்டில் நிறுத்தப்பட்டால் அந்த இடத்தில் ஒரு போட்டோ. இந்த மூன்றும் கையில் இருக்கணும். கச்சேரி நல்லபடியா முடிந்து வீடு வந்து சேர்ந்த பிறகு அழித்துக் கொள்ளலாம்.

டிக்கெட் விலை வேற, கட்டுற காசு வேற

விளம்பரத்தில் 1,500 ரூபாய் என்று இருக்கும். நாலு பேர் குடும்பத்துக்கு 6 ஆயிரம் தானே என்று கணக்கு போட்டு உட்காருவோம். கடைசி பக்கத்தில் தொகை எகிறும். காரணம், ஒரு டிக்கெட் 500 ரூபாயை தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. 6 ஆயிரத்துக்கு வரி மட்டும் 1,080 ரூபாய். மொத்தம் 7,080. அதோடு டிக்கெட் விற்கும் வெப்சைட்டின் சேவைக் கட்டணம் தனி. 500 ரூபாயும் அதற்கு கீழும் உள்ள டிக்கெட்டுக்கு இந்த வரி கிடையாது. போட்டிருக்கும் விலை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று முதலிலேயே பார்த்து விடுங்கள்.

போக்குவரத்து, சாப்பாடு, தண்ணீர் எல்லாம் இதுக்கு மேலே. பெரும்பாலான இடங்களில் வெளியில் இருந்து தண்ணீர் பாட்டில் கொண்டு போக விடுவதில்லை. உள்ளே விலை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. இலவச குடிநீர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நுழைந்ததும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

டிக்கெட் தீர்ந்து விட்டது, என்னிடம் இருக்கிறது என்று யாராவது வாட்ஸ்-அப்பில் வந்தால் உஷார். இப்போது வருவது பெரும்பாலும் கட்டம் கட்டமாக இருக்கும் கியூ.ஆர். கோடு டிக்கெட். ஒரு முறை ஸ்கேன் ஆனால் முடிந்தது. அதே படத்தை பத்து பேருக்கு அனுப்பி காசு பார்க்கலாம். முதலில் போகிறவர் உள்ளே, மற்ற 9 பேர் வெளியே. 2025 ஜனவரியில் மும்பை, ஆமதாபாத்தில் நடந்த கோல்ட்பிளே கச்சேரிக்கு சில ஆயிரம் ரூபாய் டிக்கெட் லட்சக்கணக்கில் பிளாக்கில் பேசப்பட்டது. அமலாக்கத்துறையே சோதனை நடத்தியது. அப்படி ஏமாந்து விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் போடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை முடக்க அவ்வளவு வாய்ப்பு.

நீங்களும் உங்கள் டிக்கெட்டை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காதீர்கள். அதை வைத்து வேறு ஆள் உள்ளே போய் விடுவான்.

எந்த இடம்? எப்படி வீடு திரும்புவது?

போவது சுலபம். திரும்பி வருவது தான் பெரும்பாடு.

நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. என்றால் பக்கத்திலேயே மெட்ரோ ரெயில். பெரியமேடு நேரு ஸ்டேடியம் என்றால் சென்டிரல் நடக்கிற தூரம். புறநகர் ரெயிலும் கிடைக்கும். மெட்ரோ ரெயில் இரவு 11 மணியோடு சரி. சில கச்சேரி டிக்கெட்டோடு மெட்ரோ பயணமும் இலவசமாக தருவது உண்டு. உங்கள் டிக்கெட்டில் அது இருக்கிறதா என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கிழக்கு கடற்கரை சாலை என்றால் ரெயில் கிடையாது. பஸ் தான், இல்லை சொந்த வண்டி தான். அனிருத் கச்சேரி முதலில் 2025 ஜூலை 26-ல் திருவிடந்தையில் நடப்பதாக இருந்தது. டிக்கெட் கேட்டவர்கள் கூட்டம் தாங்காமல், பெரிய இடம் தேடி ஆகஸ்டு 23-க்கு கூவத்தூர் போனார்கள். 2017-ல் எம்.எல்.ஏ.க்கள் தங்க வைக்கப்பட்டாங்களே, அந்த கூவத்தூர் தான்! கல்பாக்கத்தையும் தாண்டி போகணும். ராத்திரி கச்சேரி முடிந்து அங்கிருந்து தண்டையார்பேட்டைக்கோ, ஆவடிக்கோ வருவதை யோசித்துப் பாருங்கள். மறுநாள் காலை ஷிப்டு இருப்பவர்கள் டிக்கெட் எடுக்கும் முன்பே இதை யோசிப்பது நல்லது. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வேன் பேசி விட்டால் செலவும் குறையும், பெண்களுக்கும் துணை.

10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதி. ஆண்டுக்கு 15 நாட்கள் வரை நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்த்தலாம். மற்றபடி யாராக இருந்தாலும் நிறுத்த வேண்டியது தான். 2023 ஏப்ரல் 30-ல் புனேயில் ரகுமான் கச்சேரியையே போலீசார் 10 மணி தாண்டியதும் மேடையேறி நிறுத்தினார்கள். அதனால் கடைசியில் தான் நல்ல பாட்டு வரும் என்று நினைத்து லேட்டாக போகாதீர்கள்.

உயிர் முக்கியம் பாஸ்

2023 நவம்பர் 25. கேரள மாநிலம் கொச்சி பல்கலைக்கழகத்தில் பாடகி நிகிதா காந்தியின் கச்சேரி. திறந்த வெளி அரங்கம். மழை தூறியதும் வெளியே நின்ற கூட்டம் ஒதுங்க இடம் தேடி ஒரே வாசலில் பாய்ந்தது. வாசலை ஒட்டி கீழே இறங்கும் படிக்கட்டு. முன்னால் போனவர்கள் தடுக்கி விழ, பின்னால் வந்தவர்கள் மேலேயே விழுந்தார்கள். 4 பேர் பலியானார்கள். கச்சேரி அப்போது தொடங்கவே இல்லை.

2024 பிப்ரவரி 9-ல் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரியிலும் இலவச பகுதியில் நின்றவர்கள் தடுப்பை உடைத்துக் கொண்டு கட்டணப் பகுதிக்குள் புகுந்தனர். பெரும் களேபரம் ஆகி கச்சேரி சிறிது நேரம் நின்றது. இரண்டு இடத்திலும் தடுப்புக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்பது தான் பிரச்சினையே.

குறைந்த விலை டிக்கெட் என்றால் பெரும்பாலும் நின்று பார்க்கும் பகுதி. நம்ம ஜனங்கள் போவதும் அங்கே தான். நெரிசல் என்று வந்தால் முதலில் மாட்டுவதும் அங்கே தான். அதனால் சொல்கிறோம்.

நுழைந்ததும் மேடையை பார்க்காதீர்கள். வெளியே போகும் வழி எங்கெங்கே இருக்கிறது என்று பாருங்கள். எல்லோரும் வந்த வாசலுக்கே ஓடுவார்கள். பக்கத்தில் வேறு வாசல் காலியாக இருக்கும். இரும்புத் தடுப்பை ஒட்டியும், சுவரை ஒட்டியும் நிற்க வேண்டாம். கூட்டம் தள்ளினால் நசுங்குவது அங்கே தான்.

நாலு பக்கமும் உடம்பு உரச ஆரம்பித்து, கையை தூக்க முடியாத நிலை வந்தால் அதுவே எச்சரிக்கை. பாட்டு போனால் போகட்டும், வெளியேறுங்கள். நெரிசலில் பலர் சாவது மிதிபட்டு மட்டும் அல்ல. நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல் தான் பலர் உயிர் போகிறது. எனவே இரண்டு கையையும் மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்து, மூச்சு விட இடம் உண்டாக்கிக் கொள்ளுங்கள். கூட்டத்தை எதிர்த்து தள்ளாதீர்கள். அலை போகிற போக்கில் போய், கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு குறுக்கே நகருங்கள். செருப்பு, செல்போன் கீழே விழுந்தால் குனியாதீர்கள். குனிந்தவர் எழுந்திருக்க முடியாது.

குழந்தையை கூட்டிப் போனால் அதன் பாக்கெட்டில் போன் நம்பர் எழுதிய சீட்டு வையுங்கள். கூட்டத்தில் செல்போன் டவர் கிடைக்காது. எனவே தொலைந்தால் எங்கே சந்திப்பது என்று ஒரு இடத்தை முன்கூட்டியே பேசி வைத்து விடுங்கள். கைக்குழந்தையோடு நின்று பார்க்கும் பகுதிக்கு போகவே வேண்டாம் என்பது தான் எங்கள் யோசனை. யாராவது சீண்டினால் பக்கத்தில் இருக்கும் போலீசாரிடம் உடனே சொல்லுங்கள். 112 போலீசுக்கு, 181 பெண்கள் உதவிக்கு, 108 ஆம்புலன்சுக்கு.

காது பத்திரம்

ஸ்பீக்கர் முன்னால் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைக்கிறோம். இல்லவே இல்லை. கச்சேரி அரங்கில் சராசரி சத்தம் 100 டெசிபலை தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வரையறுத்து இருக்கிறது. மருந்துக் கடையில் காதில் அடைக்கும் பஞ்சு போன்ற இயர்பிளக் குறைந்த விலைக்கு கிடைக்கும். சாதா பஞ்சு பெரிதாக உதவாது. வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'ங்ஙொய்' என்று சத்தம் கேட்டு, இரண்டு நாளாகியும் நிற்கவில்லை என்றால் காது டாக்டரை பாருங்கள். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகவே பார்ப்பார்கள். மெஷின் சத்தத்தில் வேலை செய்பவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கணும்.

பணம் போச்சுன்னா யாரை கேட்பது?

கச்சேரி ரத்து ஆனாலோ, டிக்கெட் இருந்தும் உள்ளே விடாவிட்டாலோ முதலில் டிக்கெட் விற்றவருக்கும், அமைப்பாளருக்கும் எழுத்து மூலமாக கேளுங்கள். மெயில் போதும். பதில் இல்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். கட்டணம் இல்லை.

அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்கு கட்டணமே கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை. நீங்களே வாதாடலாம். 2 ஆண்டுக்குள் போட வேண்டும். ஒரு டிக்கெட்டுக்காக யார் அலைவது என்று பலரும் விட்டு விடுகிறார்கள். அந்த தைரியத்தில் தான் சிலர் கூடுதலாக விற்கிறார்கள்.

காசு இல்லாமலும் கேட்கலாம்!

மார்கழி வந்தால் சென்னை சபாக்களில் கர்நாடக கச்சேரி. சாயந்திரம் பெரிய வித்வான்களுக்கு தான் டிக்கெட். காலையிலும் மதியத்திலும் இளம் கலைஞர்கள் பாடுவதற்கு பல சபாக்களில் யார் வேண்டுமானாலும் இலவசமாக போய் உட்காரலாம். நம்மை உள்ளே விடுவார்களா என்ற தயக்கமே வேண்டாம்.

கானா, பறை, ஒப்பாரி பிடிக்கும் என்றால் நீலம் அமைப்பு 2020 முதல் நடத்தி வரும் மார்கழியில் மக்களிசை இருக்கிறது. பொங்கல் சமயத்தில் அரசின் சென்னை சங்கமம். 2007-ல் ஆரம்பித்தது, இடையில் நின்று போய் 2023-ல் மீண்டும் வந்தது. கரகம், தப்பாட்டம், நையாண்டி மேளம் எல்லாம் பூங்காவிலும் மைதானத்திலும் நடக்கும். அனுமதி இலவசம். தஞ்சாவூர் பக்கம் போகிறவர்கள் திருவையாறு தியாகராஜர் ஆராதனையை விட்டு விடாதீர்கள். காவிரி கரையில் நூற்றுக்கணக்கான வித்வான்கள் ஒன்றாக உட்கார்ந்து பாடுவதை காசு கொடுத்து எங்கும் கேட்க முடியாது.

ஆடி மாதம் வந்தால் வியாசர்பாடி, ராயபுரம், பெரம்பூர் பக்கம் அம்மன் கோவில்களில் கூழ் ஊற்றி, ராத்திரி இன்னிசைக் கச்சேரி. டிக்கெட் இல்லை, கியூ.ஆர். கோடு இல்லை. விருப்பப் பாட்டை சீட்டில் எழுதி மேடைக்கு கொடுத்தால் உங்கள் பெயரைச் சொல்லியே பாடுவார்கள்.