யாரும் தேடிப் போகாத விலங்கு: ஸ்டெல்லரின் கடற்பசு, 1741–1768

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரே ஒரு விலங்கைப் பற்றி. நீளம் ஏழெட்டு மீட்டர். எடையில் நம்ம ஊர் யானையைத் தாண்டும். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இதை முதன்முதலில் பார்த்தது 1741ல். கடைசி ஒன்றைக் கொன்றதாகப் பதிவு இருப்பது 1768ல். நடுவில் 27 வருஷம். கிட்டத்தட்ட என் வயசு.

மொரீஷியஸின் டோடோ பறவை கதை எல்லாருக்கும் தெரியும். அந்த டோடோவுக்கே, டச்சுக்காரர்கள் 1598ல் வந்து இறங்கிய பிறகு அறுபது வருஷத்துக்கு மேல் கிடைத்தது. இந்த எபிசோடுக்காகப் படிக்கும்போது என்னை ரொம்ப உறுத்தியது வேறொரு விஷயம். இந்த விலங்கைப் பிடிக்கணும்னு அந்தத் தீவுக்கு யாரும் கிளம்பிப் போகவே இல்லை. அப்புறம் எப்படி அழிந்தது? அதுதான் இன்றைய கதை.

மேப்பைத் திறந்து வெச்சுக்கோங்க. ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் கம்சாட்கா என்று ஒரு தீபகற்பம் கீழே தொங்கும். அதற்குக் கிழக்கே நடுக்கடலில் இரண்டு தீவுகள், பெரிங் தீவு, மெத்னி தீவு. சேர்த்து கமாண்டர் தீவுகள் என்று பெயர். மரம் கிடையாது. எப்போதும் மூடுபனி, காற்று. 1741 வரை அங்கே மனிதர்கள் யாரும் குடியிருக்கவில்லை.

அந்த வருஷம் ஜூனில், விட்டஸ் பெரிங் என்ற டென்மார்க்காரர் ரஷ்யக் கடற்படைக்காக இரண்டு கப்பல்களோடு கம்சாட்காவிலிருந்து கிளம்புகிறார். கிழக்கே அமெரிக்கா எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்க்க வேண்டும். அவருடைய கப்பலில் கியோர்க் ஸ்டெல்லர் என்ற ஜெர்மன் இயற்கை ஆய்வாளரும் இருந்தார். வயசு 32. வைத்தியமும் பார்ப்பார். வாயும் கொஞ்சம் நீளம். மாலுமிகளுக்கும் அவருக்கும் ஒத்தே போகாது.

அலாஸ்காவை எட்டினார்கள். ஒரு தீவில் ஸ்டெல்லருக்குக் கிடைத்த நேரம் சுமார் பத்து மணி நேரம். இதற்கா பத்து வருஷம் தயார் பண்ணினோம் என்று பிறகு எரிச்சலோடு எழுதியிருக்கிறார். திரும்பும் வழியில் ஸ்கர்வி நோய் பிடித்தது. ஈறு வீங்கி, பல் ஆடி, எழுந்து நிற்கத் தெம்பில்லாமல் ஒவ்வொருவராகச் சாகத் தொடங்கினார்கள். நவம்பரில் ஒரு கரை தெரிந்ததும் கம்சாட்கா வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார்கள். அது கம்சாட்கா இல்லை. பிற்பாடு பெரிங் தீவு என்று பெயர் வாங்கிய இடம்.

அந்தக் குளிர்காலத்தை நினைத்தாலே நடுங்குது. மணலில் குழி தோண்டி, மேலே பாய்மரத் துணியைப் போர்த்திப் படுத்தார்கள். நரிகள் மனிதனைப் பார்த்ததே இல்லை, அதனால் பயமும் இல்லை. செத்தவர்களைப் புதைப்பதற்குள் உடலைக் கடித்தன. காலணி, தொப்பி, கைக்குக் கிடைத்த எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போயின. பெரிங் படுத்திருந்த குழியில் மணல் சரிந்து இடுப்பு வரை மூடியது. கதகதப்பாக இருக்கிறது, எடுக்காதீர்கள் என்றாராம். டிசம்பரில் அங்கேயே இறந்துபோனார். எழுபது சொச்சம் பேரில் உயிரோடு ஊர் திரும்பியது 46 பேர்.

அந்த 46 பேரையும் காப்பாற்றியது தீவின் கரைதான். முதலில் கடல் நீர்நாய். ஸ்டெல்லர் தேடிப் பறித்த செடி கொடிகள் ஸ்கர்வியைத் தணித்தன. ஆனால் அடிக்க அடிக்க நீர்நாய்கள் விலகிப் போயின. வசந்த காலத்தில் இறைச்சிக்காக மலை தாண்டி ரொம்ப தூரம் நடக்க வேண்டியிருந்தது. உடைந்த கப்பலின் மரத்தைக் கொண்டு ஊர் திரும்பச் சின்னக் கப்பல் ஒன்றையும் கட்டியாக வேண்டும். அதற்குத் தெம்பு எங்கிருந்து வரும்?

கண்ணெதிரே இருந்தது. கரையோரம், ஆழமில்லாத தண்ணீரில், கவிழ்த்துப் போட்ட படகுகள் மாதிரி முதுகுகள் தெரியும். கூட்டம் கூட்டமாகக் கெல்ப் எனும் பெரிய கடற்பாசியை மேய்ந்துகொண்டிருக்கும். முதுகில் கடற்காகங்கள் உட்கார்ந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தும். பல் கிடையாது, மெல்லுவதற்குத் தடித்த கொம்புத் தகடுகள்தான். தோல் பழைய மரப்பட்டை மாதிரி. முழுசாக முங்கவும் தெரியாது என்று எழுதினார் ஸ்டெல்லர்.

கடற்பசு என்றதும் ராமநாதபுரம், தஞ்சாவூர் பக்கத்துக்காரர்களுக்கு ஆவுளியா ஞாபகம் வரும். சரியான ஞாபகம்தான். இன்று உயிரோடு இருக்கும் விலங்குகளில் ஸ்டெல்லரின் கடற்பசுவுக்கு நெருங்கிய சொந்தம் நம்ம ஆவுளியாதான். ஆனால் ஆவுளியா சுமார் மூன்று மீட்டர், வெதுவெதுப்பான கடல், கடற்புல். இது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் நீளம், பனிக்கடல், பாசி.

1742 ஜூன் கடைசியில்தான் அவர்களுக்கு இதைப் பிடிக்கும் வித்தை கைவந்தது. படகின் முன்னால் நிற்கும் பலசாலி ஒருவன் பெரிய இரும்புக் கொக்கியை வீசிக் குத்துவான். கயிற்றின் மறுமுனையைக் கரையில் முப்பது பேர் பிடித்து இழுப்பார்கள். மற்ற கடற்பசுக்கள் சும்மா போய்விடவில்லை என்கிறார் ஸ்டெல்லர். சில படகை முதுகால் கவிழ்க்கப் பார்த்தன, சில கயிற்றின் மேல் விழுந்து அறுக்கப் பார்த்தன, சில வாலால் அடித்துக் கொக்கியைக் கழற்றப் பார்த்தன. பிடிபட்ட ஒரு பெண்ணின் ஜோடி கரை வரைக்கும் கூடவே வந்தது. அடுத்த நாள் காலையில் இறைச்சி வெட்டப் போனபோது அந்த ஆண் அங்கேயே நின்றது. மூன்றாம் நாள் ஸ்டெல்லர் குடலை ஆராய்ச்சி பண்ணப் போனார். அப்போதும் நின்றது.

இந்த வரிகளை எழுதியவர் அந்த இறைச்சியைச் சாப்பிட்டவர். மாட்டிறைச்சி மாதிரி, கொழுப்பு பாதாம் எண்ணெய் மாதிரி, வெயிலிலும் சீக்கிரம் கெடாது என்று ருசியையும் எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் ஒளிக்காமல் பக்கத்துப் பக்கத்தில் எழுதினார் பாருங்க, அதனாலேயே எனக்கு அவரைப் பிடிக்கிறது.

1742 ஜூலை 12ம் தேதி ஒரு பெண் கடற்பசுவை அறுத்து அளந்தார். 296 அங்குலம், ஏழரை மீட்டர். மழை, குளிர். உதவிக்கு வந்தவர்களுக்குப் புகையிலை கூலி. அவர்களோ உறுப்புகளை இஷ்டத்துக்குக் கிழித்துப் போட்டார்கள். அவர் அளக்கும்போதே நரிகள் காகிதத்தையும் மைப்புட்டியையும் தூக்கிக்கொண்டு ஓடின. இவ்வளவு கூத்துக்கு நடுவே எடுத்த குறிப்புகள்தான் அந்த விலங்கைப் பற்றி நமக்கு இன்று தெரிந்ததில் பெரும்பகுதி. வேறெந்த விஞ்ஞானியும் அதை உயிரோடு பார்க்கவில்லை. ஸ்டெல்லர் 1746ல், 37 வயதில், சைபீரியாவில் இறந்தார். குறிப்புகள் 1751ல் லத்தீனில் அச்சாயின.

அதில் ஒரு வாக்கியத்தின் சாரம் இது: இந்த விலங்குகள் அவ்வளவு ஏராளம், கம்சாட்காவின் கிழக்குக் கரை மக்கள் அத்தனை பேருக்கும் எப்போதும் இறைச்சியும் கொழுப்பும் கிடைத்துக்கொண்டே இருக்கும். அது அச்சானபோது 17 வருஷம்தான் பாக்கி.

இப்போது ரோமக் கதைக்கு வருவோம். உயிர் பிழைத்தவர்கள் 1742 ஆகஸ்ட்டில் கம்சாட்கா சேர்ந்தபோது நூற்றுக்கணக்கான கடல் நீர்நாய்த் தோல்கள் கூட வந்தன. நீர்நாய்க்கு உடம்பில் கொழுப்புப் படலம் இல்லை. குளிரைத் தாங்குவது ரோமம்தான். ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் முடிவரை இருக்கும். ரஷ்யா-சீன எல்லையில் க்யாக்தா சந்தையில் சீன வியாபாரிகள் அதற்குக் கொட்டிக் கொடுத்தார்கள். 1743லேயே முதல் வேட்டைக் கப்பல் பெரிங் தீவுக்குக் கிளம்பிவிட்டது. அதன் பிறகு வரிசை.

அவர்களுடைய இலக்கு நீர்நாய். அலூஷியன் தீவுகளுக்குப் போகிற கப்பல்கள் வழியில் கமாண்டர் தீவுகளில் குளிர்காலத்தைக் கழிக்கும். அடுத்த பயணத்துக்கும் இறைச்சியை நிரப்பிக்கொள்ளும். அதாவது கடற்பசு அவர்களுடைய கேன்டீன்.

நம்ம சாஃப்ட்வேர் வேலையில் இது எல்லாருக்கும் பழக்கமான விஷயம். ஒரு பெரிய ப்ராஜெக்ட்டுக்கு அடியில் எங்கேயோ ஒரு சின்ன லைப்ரரி கிடக்கும். பட்ஜெட்டில் வராது, மீட்டிங்கில் அதன் பேர் அடிபடாது. அது இல்லாவிட்டால் ஒன்றும் ஓடாது. ரோம வியாபாரத்தின் அப்படிப்பட்ட டிபெண்டன்ஸி கடற்பசு. நீர்நாய்த் தோலுக்கு விலை உண்டு, எண்ணிக்கை உண்டு, அரசுக்கு வரி உண்டு. கடற்பசுவை எத்தனை கொன்றோம் என்று கணக்கு வைக்க யாருக்கும் காரணமே இல்லை.

இந்தக் கதையில் ஒரே ஒருத்தர் மட்டும் கையைத் தூக்கினார். அவரும் இன்ஜினியர்தான். பியோத்ர் யாக்கவ்லெவ், சுரங்கப் பொறியாளர். செம்பு இருக்கிறதா என்று பார்க்க 1754ல் அந்தத் தீவுகளுக்குப் போனார். மெத்னி தீவில் கடற்பசு ஒன்றுகூட மிச்சமில்லை. அங்கே தங்க வேண்டிய வேட்டைக்காரர்கள் சாப்பாடு இல்லாமல் பெரிங் தீவுக்கு மாற வேண்டியிருந்தது. வேட்டையாடும் முறையையும் அவர் கவனித்தார். ஸ்டெல்லர் காலத்தில் முப்பது பேர் கயிறு பிடித்தார்கள். இப்போது இரண்டு மூன்று பேர் ஈட்டியால் குத்திவிட்டுக் காத்திருப்பார்கள். குத்துப்பட்ட விலங்கு ஆழத்துக்கு ஓடும், கடலில் சாகும். கரை ஒதுங்குவதற்குள் அழுகியிருக்கும். ஒன்றைச் சாப்பிடப் பலவற்றைக் கொன்றார்கள்.

யாக்கவ்லெவ் 1755ல் கம்சாட்கா நிர்வாகத்துக்கு மனு போட்டார். பெரிங் தீவிலும் இதே கதி வரும், வேட்டையைக் கட்டுப்படுத்துங்கள் என்று. விலங்கின் மேல் இரக்கம் என்று நான் கதை கட்ட விரும்பவில்லை. கேன்டீன் காலியானால் வியாபாரம் நிற்கும் என்ற கணக்குதான் அது. கேட்பவர்களுக்குப் புரிகிற மொழியில்தான் எழுதியிருக்கிறார். அப்படியும் எந்த உத்தரவும் வரவில்லை. 13 வருஷம் கழித்து எல்லாம் முடிந்தது. கடைசி விலங்கு 1768ல் பெரிங் தீவில் கொல்லப்பட்டது என்று மார்ட்டின் சாவர் 1802ல் வெளியான தன் பயண நூலில் எழுதினார்.

எத்தனை இருந்திருக்கும்? 1882ல் அங்கே போன நார்வே-அமெரிக்க விலங்கியலாளர் லியோன்ஹார்ட் ஸ்டெஜ்னெகர், ஆரம்பத்தில் 1500க்கு மேல் இருந்திருக்காது என்று மதிப்பிட்டார். 2006ல் சாமுவேல் டர்வி, க்ளேர் ரிஸ்லி இருவரும் அந்தக் கணக்கை மாடல் செய்து பார்த்தார்கள். தாக்குப்பிடிக்கக்கூடிய அளவைப்போல ஏழு மடங்குக்கு மேல் வேட்டை நடந்திருக்கிறது என்று வந்தது. அந்த வேகத்துக்கு 1500ம் பத்தாது, அதைவிட அதிகம் இருந்திருந்தால்தான் 1768 வரை வந்திருக்க முடியும் என்றார்கள்.

இன்னொரு வாதமும் உண்டு, எனக்கு ரொம்ப சுவாரசியமானது. கடல் நீர்நாய் கடல் முள்ளெலிகளைத் தின்னும். முள்ளெலி கெல்ப் பாசியைத் தின்னும். நீர்நாய் போனால் முள்ளெலி பெருகும், கெல்ப் காடு மொட்டையாகும். ஜேம்ஸ் எஸ்டெஸ் என்ற ஆய்வாளர் 1970களில் அலூஷியன் தீவுகளில் இதை நேரடியாகவே காட்டினார். நீர்நாய் உள்ள தீவுகளில் கெல்ப் அடர்ந்திருக்கிறது, இல்லாத தீவுகளில் பாறை முழுக்க முள்ளெலி. கெல்ப் காடு இருந்தால் அதற்குள் மீன் இருக்கும். அதனால் நீர்நாய் நிறைந்த இடத்தில் கடற்காகங்கள் பெரும்பாலும் மீன் தின்கின்றன, இல்லாத இடத்தில் முள்ளெலி போன்றவற்றைத் தின்கின்றன. கரைப் பறவையின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் போகிறது கதை. அப்படியென்றால் தோலுக்காக நீர்நாயைக் கொன்றதே கடற்பசுவின் சாப்பாட்டையும் காலி பண்ணியிருக்கலாம். ஈட்டி மட்டுமே அதை முடிக்கப் போதுமானது என்பதுதான் 2006 கணக்கு சொல்வது. எனக்கும் அதுவே நம்பும்படி இருக்கிறது. அதற்காக கெல்ப் வாதத்தைத் தூக்கி எறியவும் மனசு வரவில்லை.

அதே கரையில் இன்னொன்றும் போனது. சரியாகப் பறக்கத் தெரியாத ஒரு பெரிய நீர்க்காகம். ஒன்று பிடித்தால் பசித்த மூன்று பேருக்குப் போதும் என்று எழுதினார் ஸ்டெல்லர். ஸ்டெஜ்னெகர் 1882ல் விசாரித்தபோது, அது காணாமல்போய் முப்பது வருஷம் ஆச்சு என்றார்கள் தீவுக்காரர்கள்.

நீர்நாய் தப்பித்தது. 1911ல் ஒரு சர்வதேச ஒப்பந்தம் வரும்போது உலகத்தில் சில ஆயிரம்கூட இல்லை. இன்று கமாண்டர் தீவுகளைச் சுற்றி மறுபடி நீந்துகிறது. நம்ம பக்கம், பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் ஆவுளியா காப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை வலையை அறுத்து விடுகிற மீனவர்களுக்கு வனத்துறை வெகுமதி தருகிறது. வலையும் காசுதான் இல்லையா. யாக்கவ்லெவ் மனுவில் இல்லாத ஒரு வரி அது.

2017ல் பெரிங் தீவின் கரையோரமாகப் போன இயற்கைக் காப்பக ஊழியர்கள், மண்ணுக்கு வெளியே வேலிக் குச்சிகள் மாதிரி ஏதோ நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்கள். தோண்டிப் பார்த்தால் விலா எலும்புகள். தலை இல்லாமல், சுமார் ஐந்து மீட்டருக்கு மேல் நீளமாக, ஒரு கடற்பசு அப்படியே படுத்திருந்தது.

அடுத்த எபிசோடில் அந்த 1911 ஒப்பந்தம். அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் நாலு பேரும் ஒரே காகிதத்தில் எப்படிக் கையெழுத்துப் போட்டார்கள் என்று பார்ப்போம். ஆவுளியாவை நேரில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க, சேர்த்துப் போடறேன்.