நீரிழிவும் பல்லும்

நீரிழிவு என்றவுடன் நமக்குக் கண்ணும் சிறுநீரகமும் காலும் நினைவிற்கு வருகின்றன; வாய் வருவதில்லை. ஆயினும் இந்நோயின் வரலாற்றைப் பார்ப்போமாயின், மருத்துவர்கள் அதன் அடையாளத்தைத் தேடிய தொன்மையான இடங்களுள் வாயும் ஒன்று என்பது புலனாகும்.

சிறுநீரின் இனிப்பைக் கண்டே நம் நாட்டுப் பண்டை மருத்துவர்கள் இந்நோய்க்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர். அது உள்ளிட்ட பிரமேக நோய்களின் முன்னறிகுறிகளுள், வாய் இனித்தலையும் வாயும் அண்ணமும் தொண்டையும் உலர்தலையும் சரக சங்கிதை குறிக்கிறது. நாவிலும் பல்லிலும் அழுக்குப் படிதலைச் சுசுருத சங்கிதை கூறுகிறது. இன்று நாம் சொல்லும் காரணங்களை அவர்கள் அறிந்தவர்கள் அல்லர். கண்ணாற் கண்டதைக் கருத்தோடு குறித்து வைத்தவர்கள்.

பிற்காலத்தில் இவ்விரண்டும் வெவ்வேறு வாயில்களுக்குப் போயின. பல் மருத்துவத்திற்கென உலகின் முதற்கல்லூரி 1840-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் தோன்றியது. பல் மருத்துவம் தனிக்கலையாகச் செழித்தது. செழித்த அளவிற்கு உடல் மருத்துவத்தினின்றும் விலகியது. இந்தியாவில் டாக்டர் ஆர். அகமது 1920-இல் கல்கத்தாவில் பற்கல்லூரி நிறுவினார். சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் பேராசிரியர் எம். விசுவநாதன் 1948-இல் நீரிழிவுக்குத் தனிப்பிரிவு தொடங்கினார். நாம் வாழும் பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை 1900-இலும், அரசினர் பற்கல்லூரி 1958-இலும் எழுந்தன. இரண்டும் கோட்டைப் பகுதியில் அருகருகே இருப்பினும், நோயாளி எடுத்துச் செல்லும் சீட்டுகள் இரண்டே.

பிரிந்தவை கூடுவதற்கு வழிகாட்டியவர்களுள் ஒருவர் ஹரால்ட் லோ என்னும் பல் மருத்துவ அறிஞர். ஈறுநோயே நீரிழிவின் ஆறாவது சிக்கல் என அவர் 1993-இல் எழுதினார். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் உமிழ்நீர் குறைகிறது. கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் தளர்கின்றன. புண் ஆறத் தாமதமாகிறது. ஈறு வீங்கிப் பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. இதற்கு மறுதலையும் உண்டு: ஈற்றின் அழற்சி இன்சுலினின் வேலையைத் தடுத்துச் சர்க்கரையை மேலும் உயர்த்துகிறது.

2018-இல் வெளியான உலகளாவிய ஈறுநோய்ப் பகுப்பு, நோயின் வேகத்தைக் கணிக்கையில் நீரிழிவையும் கணக்கில் சேர்த்தது. மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சோதனையில் 7 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் நோய் விரைந்து பரவும் வகையைச் சேரும். ஈறுநோய்க்கு முறையாகச் சிகிச்சை செய்தால் சில மாதங்களில் அவ்வளவு ஏறக்குறைய 0.4 குறைகிறதென 2022-இல் வெளியான ஆய்வுத் தொகுப்பு காட்டியது.

இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்வதாக 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. ஊரைவிட்டு வந்த நம்முள்ளும் அத்தகையோர் பலர். பல் ஆடினால் வயதாயிற்று என்று எண்ணிப் பிடுங்கிவிட்டு அமைதி கொள்கிறோம். பல் துலக்குகையில் இரத்தம் கசிவதும், வாய் ஓயாது உலர்வதும் அலட்சியம் செய்யத்தக்கவை அல்ல. பல் மருத்துவரிடம் சர்க்கரையைப் பற்றியும், சர்க்கரை மருத்துவரிடம் ஈற்றைப் பற்றியும் நாமே எடுத்துரைத்தல் வேண்டும். இரண்டு சீட்டுகளும் ஒரே உடலுக்குரியவை என்பதை அவர்களுக்கு நினைவூட்டக் கூடியவர் நோயாளியே ஆவார்.