அடமான வீட்டு ஏலத்தைத் தள்ளிவைத்தல் (இந்தியா)

இந்தியாவில் அடமான வீட்டை வங்கி ஏலம் விட நீதிமன்றத் தீர்ப்பு தேவையில்லை. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் அந்த அதிகாரத்தை வங்கியிடமே கொடுத்திருக்கிறது. உரிமையியல் நீதிமன்றம் குறுக்கே வருவதை அதன் 34ஆம் பிரிவு தடுக்கிறது. பலர் ஏலத் தேதி நெருங்கியபிறகே வக்கீலைத் தேடுகிறார்கள். ஆனால் கடன்காரருக்குச் சட்டம் தந்துள்ள வலுவான உரிமைகள் ஏல விளம்பரத்துக்கு முன்பே தீர்ந்துபோகின்றன. விற்பனைக்குக் குறித்த நாளுக்கு முன் பாக்கியைக் கட்டி வீட்டை மீட்கலாம் என்றே 13(8) பிரிவு முதலில் சொன்னது. 2016ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் கெடுவை ஏல அறிவிப்பு வெளியாகும் நாளுக்கு முன்னால் கொண்டுவந்தது. பாஃப்னா மோட்டார்ஸ் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. எனவே தள்ளிவைப்பதற்கான முயற்சி முதல் நோட்டீஸ் கைக்கு வந்த அன்றே தொடங்க வேண்டும்.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடனாகிறது. பிறகு 13(2) பிரிவின்படி 60 நாள் கெடுவுடன் நோட்டீஸ் வரும். பலரும் பிரிக்காமலே வைத்துவிடும் இந்தக் கடிதம்தான் அதிக அவகாசம் தருவது. அதற்கு எழுத்து மூலம் ஆட்சேபம் அனுப்பினால், ஏற்க மறுக்கும் வங்கி 15 நாளுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். கணக்கில் உள்ள பிழை, விட்டுப்போன வரவு, தவணையை மாற்றியமைக்கும் கோரிக்கை ஆகிய எல்லாவற்றையும் அந்த ஆட்சேபத்திலேயே எழுதிவிடுவது நல்லது. ஒரே தடவையில் பேசி முடிக்கும் சமரசத்தையும் அப்போதே கேட்கலாம். ஆனால் அதை உரிமையாகக் கோர முடியாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தானே வீட்டை விற்றுக் கடனை அடைப்பதும் ஒரு வழி. நோட்டீஸ் வந்தபின் அதற்கு வங்கியின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

வங்கி சுவாதீனம் எடுத்த பிறகு 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்தை அணுகலாம். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரையில் தீர்ப்பாயங்கள் உள்ளன. மனு போட்டாலே ஏலம் நின்றுவிடாது. இடைக்காலத் தடையைத் தனியாகக் கேட்க வேண்டும். பாக்கியில் ஒரு பகுதியைக் கட்டும் நிபந்தனையோடுதான் அது பெரும்பாலும் கிடைக்கும். வாதத்துக்கு வலு சேர்ப்பவை நடைமுறைக் குறைகள்: கடன்காரருக்கு 30 நாள் விற்பனை நோட்டீஸ் தராதது, அங்கீகரிக்கப்பட்ட மதிப்பீட்டாளரிடம் மதிப்பு பெறாதது, வட்டார மொழி நாளிதழில் அறிவிப்பு வெளியிடாதது. அந்த 30 நாள் கட்டாயம் என்று மேத்யூ வர்கீஸ் வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 சதவீதத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தால் இந்தச் சட்டமே பொருந்தாது. விவசாய நிலத்துக்கும் விலக்கு உண்டு; உண்மையில் அங்கே சாகுபடி நடப்பதைக் கடன்காரர்தான் நிரூபிக்க வேண்டும். தீர்ப்பாயத்தில் தோற்றால் மேல்முறையீட்டுக்குப் பாக்கியில் பாதியை முன்கூட்டியே கட்ட வேண்டும். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதைக் கால் பங்கு வரை குறைக்கலாம். கையில் பணமில்லாதவருக்கு அந்தக் கதவு ஏறக்குறைய மூடியதுதான்.

இப்படித் தள்ளிப்போடுவது டெபாசிட்தாரர்களின் பணத்தை முடக்குவதாகும் என்று வங்கிகள் தரப்பில் சொல்கிறார்கள். அது அற்பமான வாதம் அல்ல. ஆனால் ஏலத்தில் வந்த தொகை போதாவிட்டால், மீதிக்காக வங்கி 13(10) பிரிவின்படி தீர்ப்பாயத்துக்கோ உரிய நீதிமன்றத்துக்கோதான் போக வேண்டும். சந்தை விலைக்கு வீட்டுக்காரரே விற்க மூன்று மாதம் கொடுத்தால், டெபாசிட்தாரரின் பணம் முழுதாகத் திரும்ப அதிக வாய்ப்புண்டு. எதிர்த்திசையிலிருந்து வரும் ஆட்சேபம் இன்னும் கனமானது: வட்டி நாளுக்கு நாள் ஏறும்போது அவகாசத்தால் என்ன லாபம்? வருமானம் திரும்பும் வழியோ, வாங்க ஆளோ இல்லாத இடத்தில் லாபம் இல்லைதான். அங்கே நோட்டீஸில் குறை கண்டுபிடித்து ஏலத்தை நிறுத்தினால், வங்கி அதைத் திருத்தி மறு அறிவிப்பு வெளியிடும். இடைப்பட்ட வட்டி, விற்ற பிறகு வீட்டுக்காரருக்குத் திரும்பவேண்டிய மிச்சத் தொகையைத்தான் குறைக்கும்.