யாருக்கும் வேண்டாத விருது

1998 அக்டோபரில், லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் நடந்த ஒரு விழாவில்தான் இந்த விருது பிறந்தது. மனிதத் தலையை ஒரு பூட்ஸ் கால் மிதிக்கும் பொன்னிறச் சிலை அது. ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் வதை செய்பவன் தன் கைதிக்குக் காட்டும் எதிர்காலம் அந்த உருவம்தான். எல்லோரையும் வேவு பார்க்கும் 'பிக் பிரதர்' பெயரையே விருதுக்குச் சூட்டியது பிரைவசி இன்டர்நேஷனல் அமைப்பு. மக்களின் அந்தரங்கத்தில் கைவைக்கும் அரசுகளையும் நிறுவனங்களையும் ஊரறியப் பெயர் சொல்வதே அதன் வேலை.

மறு ஆண்டே விருது வாஷிங்டனுக்கும் வியன்னாவுக்கும் போனது. 2000இல் ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரை அடைந்தபோது சிலையின் உருவமே மாறியது. ஈயப் பட்டை சுற்றி, கண்ணாடித் தகடு குறுக்கே பிளந்த மனித உருவமாக அதை வடித்தார் பீட்டர் சோமர். இன்று டிஜிட்டல்கரேஜ் எனப்படும் அமைப்பு அங்கே இவ்விருதை வளர்த்தெடுத்தது. யார், எந்தத் தகவலை, எதற்காகத் திரட்டினார்கள் என்பதை நடுவர்கள் மேடையில் விரிவாக எடுத்துரைப்பார்கள். பெரும்பாலான நிறுவனங்கள் வருவதில்லை. ஆனால் 2002இல் மைக்ரோசாஃப்ட் தன் பிரதிநிதியை அனுப்பி நேரில் வாங்கிக்கொண்டது.

விருதின் வாழ்வில் மறக்கக் கூடாத அத்தியாயம் மெட்ரோ என்ற ஜெர்மன் சில்லறை வணிக நிறுவனத்துடையது. ரைன்பெர்க் ஊரில் அது ஒரு 'எதிர்காலக் கடை'யைத் திறந்திருந்தது. பொருள்களில் ஆர்எஃப்ஐடி சில்லுகளைப் பொருத்திச் சோதித்த இடம் அது. தொடாமலேயே ரேடியோ அலையால் படிக்கக்கூடிய சில்லுகள் அவை. அதற்காக 2003இல் மெட்ரோவுக்கு விருது கிடைத்தது. விருது கொடுத்தவர்கள் அதோடு ஓயவில்லை. 2004 தொடக்கத்தில், வாடிக்கையாளர்களின் கடை அட்டைக்குள்ளும் அத்தகைய சில்லு ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்தார்கள். பர்ஸில் கிடக்கும் அட்டை, வைத்திருப்பவருக்குத் தெரியாமலேயே அவர் யாரென்று சொல்லிவிடும். செய்தி பரவியது, போராட்டம் அறிவிக்கப்பட்டது, மெட்ரோ அந்த அட்டைகளைத் திரும்பப் பெற்றது.

அபராதம் விதிக்கும் அதிகாரம் இந்த விருதுக்கு இல்லை. ஆனாலும் அது தேவை. கண்காணிப்பு இப்போது பூட்ஸ் காலோடு வருவதில்லை. தள்ளுபடியாக வருகிறது, குழந்தையின் பொம்மையாகவும் வருகிறது. குழந்தைகளின் பேச்சை இணையத்துக்கு அனுப்பிய 'ஹலோ பார்பி' 2015இல் விருது வாங்கியது அதனால்தான். நாம் படிக்காமல் சம்மதிக்கும் நிபந்தனைகளை நமக்காக ஒருவர் வரிவரியாகப் படித்து, உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2014இல் அதே பீலஃபெல்ட் மேடையில் ஒரு நல்ல விருதும் வழங்கப்பட்டது. ஆர்வெல்லின் காதலர்களான ஜூலியா, வின்ஸ்டன் பெயரிலான அது, அமெரிக்க உளவு அமைப்பின் கண்காணிப்பை அம்பலப்படுத்திய எட்வர்ட் ஸ்னோடனுக்குப் போனது. பரிசுத் தொகைக்குப் பதிலாக, அவருக்குப் புகலிடம் கேட்கும் 10 லட்சம் ஒட்டுவில்லைகள் அச்சிடப்பட்டன. வேவு பார்த்தவர்களை நாணச் செய்வது பாதி வேலைதான். அதை அம்பலப்படுத்தியவருக்குத் துணை நிற்பது மீதிப் பாதி.