சாதியற்றோரின் கூட்டிசை

தமிழில் இசை குறித்து எழுதப்படுபவற்றுள் பெரும்பகுதி இரண்டு திண்ணைகளில் அடங்கிவிடும். ஒன்று சபா, மற்றொன்று திரையிசை. இவ்விரண்டுக்கும் வெளியே ஒலிப்பதைச் சத்தம் என்று ஒதுக்கிவிடுவது நம் வழக்கம். 2018இல் சென்னையில் மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்னும் குழுவின் வரலாற்றை, தருமபுரி மாவட்டத்தை மனத்தில் இருத்திக்கொண்டு இங்கே எழுத முற்படுகிறேன். சென்னைக் குழுவுக்கும் தருமபுரிக்கும் என்ன தொடர்பு என்பது போகப்போக விளங்கும்.

முதலில் சற்று வெளியே சென்று வரவேண்டும். ராக் இசையின் வன்மையான கிளை மெட்டல். பங்க் இசை வேகமும் சினமும் முற்றி ஹார்ட்கோர் ஆயிற்று. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், 1970களில், கறுப்பின இளைஞர்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் கூடிய தெருவிழாக்களில் எழுந்தது ராப். அமெரிக்க இசைச் சந்தை இவற்றைத் தனித்தனி அலமாரிகளில் வைத்தது. கிதார் வெள்ளையருக்கு, ராப் கறுப்பருக்கு என்பது எழுதப்படாத விதி. உண்மையில் அந்த விதி தொடக்கத்திலிருந்தே பொய். ஹார்ட்கோர் இசையின் முன்னோடிகளுள் முதன்மையானதாகச் சொல்லப்படும் வாஷிங்டனின் 'பேட் பிரெயின்ஸ்' கறுப்பினத்தவரின் குழுதான்.

1986இல் ரன்-டி.எம்.சி. குழு ஏரோஸ்மித்துடன் சேர்ந்து பாடியது. 1991இல் பப்ளிக் எனிமியும் மெட்டல் குழுவான ஆந்த்ராக்ஸும் கைகோத்தன. 1992இல் ராப் பாடகர் ஐஸ்-டி தம் 'பாடி கவுண்ட்' குழுவின் முதல் தொகுப்பை வெளியிட்டார். காவலர் வன்முறைக்கு எதிரான அதன் ஒரு பாடல் பெரும் எதிர்ப்பைக் கிளப்பியதால் தொகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் லாஸ் ஏஞ்சலிஸின் 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்' தன் முதல் தொகுப்பைக் கொண்டுவந்தது. அதன் அட்டையில் 1963இல் சைகோன் வீதியில் தன்னைத்தானே எரித்துக்கொண்ட பௌத்தத் துறவியின் புகைப்படம் இருந்தது. இக்குழுக்கள் வெறும் ஒலிக்கலவையை நாடவில்லை. இன்னாரின் கருவி இது, இன்னாரின் குரல் இது என்னும் பிரிவினையையே உடைத்தன. கலப்பு என்பதே அங்கு ஓர் அரசியல் கூற்றாயிற்று.

இந்தியாவில் மெட்டலையும் ராப்பையும் நேரடியாக இணைத்து உலகப் பெயர் பெற்றது 2016இல் டெல்லியில் தொடங்கப்பட்ட 'பிளட்டிவுட்'. 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் அக்குழு வாசித்தது. 2022இல் 'ரக்ஷக்' தொகுப்பு வெளிவந்தது. டோலும் புல்லாங்குழலும் அதில் மெட்டல் கிதாரோடு மோதுகின்றன. ஆனால் இந்தியாவில் கருவிகளைப் பிரித்து வைத்திருப்பது சந்தையன்று. அதைவிட மிகப் பழைய ஒன்று. அதை நேருக்கு நேர் சந்தித்தது தமிழ்க் குழுதான்.

தமிழ் ராப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. 1994இல் 'காதலன்' படத்தின் 'பேட்டை ராப்' சென்னைப் பேச்சின் தாளத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. மலேசியத் தமிழரான யோகி பி, நட்சத்திராவுடன் 2006இல் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு தமிழ் ராப்பைத் தனித்த வடிவமாக நிலைநிறுத்தியது. இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே வடசென்னையில் கானா இருந்தது. சாவு வீட்டில் இரவு முழுவதும், இறந்தவரின் வாழ்க்கையை அடுக்கிச் சொல்லி, தாளத்தின்மீது சொற்களை உருட்டிப் பாடும் அக்கலைக்கு ராப்பைப் புரிந்துகொள்ள அகராதி தேவைப்படவில்லை.

2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' நிறுவனரும் இசையமைப்பாளருமான டென்மாவும் இணைந்து இக்குழுவுக்கு ஆள் தேடினர். வந்தவர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் 19 பேர். கானா பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, கட்டமோளம், சட்டி வாசிப்போர், டிரம்ஸும் கிதாரும் வாசிப்போர் அதில் இருந்தனர். பாடகர்களுள் ஒரே பெண் இசைவாணி. ஆண்களின் கோட்டையாகவே இருந்த கானாவில் அவர் நின்று பாடியதே ஒரு செய்தி. 2020இல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் அவர் இடம்பெற்றார்.

குழுவின் பெயர் நேற்று முளைத்ததன்று. அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) ஒடுக்கப்பட்டோரைச் சாதிப் பெயரால் அன்றிச் சாதியற்றவர்களாகப் பதிவு செய்யவேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வலியுறுத்தினார். 1891இல் திராவிட மகாஜன சபையை நிறுவியவரும் அவரே. அவர் மனுக்களிலும் இதழ்ப் பக்கங்களிலும் எழுதியதை இக்குழு ஒலிபெருக்கியில் சொன்னது.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் நிகழ்ச்சி நடந்தது. பல ஆயிரம் பேர் திரண்டனர். பாடகர்கள் கோட்டு அணிந்து வந்தனர். கானா பாடகன் என்றால் லுங்கி என்று திரைப்படம் வரைந்த சித்திரத்தை, அம்பேத்கரை நினைவூட்டும் அந்த உடை ஒரே நொடியில் கலைத்தது. இட ஒதுக்கீடு, மாட்டிறைச்சி, நகர்ப்புறக் குடியிருப்புகள் ஆகியவை பாடுபொருளாயின. மார்கழியில் சென்னையின் சபாக்கள் நிறைந்து வழியும்போது அதே நகரில் இப்படியும் ஒரு மேடை இருக்கலாம் என்னும் எண்ணம் வேர்விட்டது. 2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை' அதன் நீட்சி.

இனித் தருமபுரிக்கு வருவோம்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் கொள்ளையிடப்பட்டு எரிக்கப்பட்டன. தலித் இளைஞர் ஒருவரும் வேறு சாதிப் பெண் ஒருவரும் செய்துகொண்ட திருமணமும், பெண்ணின் தந்தை உயிரிழந்ததுமே உடனடிக் காரணங்கள். அடுத்த ஆண்டு ஜூலையில் அந்த இளைஞர் ரயில் பாதையருகே பிணமாகக் கிடந்தார். 'அட்டகத்தி' வெளிவந்ததும் அதே 2012இல்தான். அதன்பின் எழுந்த தமிழ்த் தலித் கலை முயற்சிகள் அனைத்தின் பின்னணியிலும் தருமபுரியின் அந்தப் புகை இருக்கிறது. சாதியற்றோர் என்னும் சொல் மேடைப்பெயராக இனிமையாக ஒலிக்கலாம். இரண்டு பேர் மணந்துகொண்டதற்கு மூன்று ஊர்கள் எரிந்த மண்ணில் அதன் எடை வேறு.

பறையைப் பற்றிய சிக்கலும் இதனோடு சேர்ந்ததே. கிராமத்தில் பறையடித்தல் கலையாக இருந்ததைவிடக் கடமையாகவே இருந்தது. சாவுச் செய்தி சொல்லவும், பிணத்துக்கு முன் அடிக்கவும் ஒரு சாதியார்மீது சுமத்தப்பட்ட வேலை அது. அதனால் 20ஆம் நூற்றாண்டில் பல ஊர்களில் பறையடிக்க மறுப்பதே விடுதலையின் முதற்படியாகக் கொள்ளப்பட்டது. மறுத்தவர்கள் அடிவாங்கவும் நேர்ந்தது. பின்னாளில் திண்டுக்கல்லின் சக்தி கலைக்குழுவும், மணிமாறன், மகிழினி ஆகியோரின் புத்தர் கலைக்குழுவும் அதே பறையைத் தன்மானத்தின் கருவியாக எடுத்தன. சக்தி குழுவில் பறையைக் கையிலேந்தியவர்கள் பெண்கள். உடைப்பதா, மீட்பதா என்னும் இவ்விவாதத்தில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மூன்றாவதாக ஒன்றைச் செய்தது. பறையை மின்கிதாருக்குப் பக்கத்தில், அதே ஒலியளவில், அதே கூலியில்லாத உரிமையோடு நிறுத்தியது. கருவிகளுக்கு இடையே தீண்டாமை நிலவும் நாட்டில் இந்தச் சமபந்தி சிறிய செயலன்று.

ஆயினும் வரலாறு எழுதுவோர் முடிவையும் சொல்லவேண்டும். குழு தொடங்கிய வேகத்தில் தொடரவில்லை. உறுப்பினர்கள் தனித்தனிப் பாதைகளில் சென்றனர். டென்மா 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு' (2019), 'நட்சத்திரம் நகர்கிறது' (2022) ஆகிய படங்களுக்கு இசையமைத்தார். அறிவு 2019இல் இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் 'தெருக்குரல்' தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் தீயும் அறிவும் பாட, சந்தோஷ் நாராயணன் இசையில் வெளிவந்த 'எஞ்ஜாயி எஞ்ஜாமி' உலகெங்கும் சென்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டி வள்ளியம்மாளின் நினைவை அறிவு அதில் பாடினார். அதே ஆண்டு ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் அவர் முகம் இல்லாமற்போனது விவாதமாயிற்று. 2022இல் பாடலின் உரிமை பற்றி அறிவு வெளிப்படையாகப் பேச, மற்ற இருவரும் தத்தம் விளக்கத்தை அளித்தனர். இசைவாணி ஐயப்பனை விளித்துப் பாடிய பாடலுக்கு எதிராக, அது வந்து பல ஆண்டுகள் கழித்து, 2024இல் புகார்கள் எழுந்தன.

எஞ்ஜாமி விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பளிப்பது இக்கட்டுரையின் வேலையன்று. கவனிக்கவேண்டியது, பெயர் என்பது ஏன் இத்தனை பெரிய பொருளாயிற்று என்பதே. கானா பாடியவர்களின் பெயர்கள் பெரும்பாலும் விடியலோடு கரைந்துபோயின. கூட்டாக நிற்கும்போது ஒரு பெயர் போதும். பிரிந்தபின், இதைப் பாடியவன் நான் என்று ஒவ்வொருவரும் தனியே நிறுவவேண்டியிருக்கிறது.

தருமபுரி, பழைய தகடூர். அதியமான் ஆண்ட ஊர். ஔவை பாடிய ஊர். நடுகற்கள் மிகுந்த நாடும்கூட. தருமபுரி அருங்காட்சியகத்தில் அவற்றை வரிசையாகக் காணலாம். புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், பறையன், கடம்பன் என்னும் நான்கு குடிகளைப் பெயர் சொல்லிப் போற்றுகிறது. வழிபடத்தக்கது நடுகல்லே என்று சொல்வதும் அதே பாடல்தான். கொட்டுபவனும் கல்லும் அங்கே ஒரே மூச்சில் வருகின்றனர். ஆனால் எழுத்துப் பொறித்த கற்களில் மன்னன் பெயரும், ஆட்சியாண்டும், விழுந்த வீரன் பெயரும் இருப்பது வழக்கம். அவனுக்காகக் கொட்டியவனின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் இல்லை.

'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' சாதியை ஒழித்துவிடவில்லை. எந்த இசைக்குழுவும் அதைச் செய்ய இயலாது. கொட்டியவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே உரக்கச் சொன்னார்கள். கல்லில் விடுபட்டுப்போன வரி அது.